புடையனின் பெயரில் இருக்கும் வைத்தியர்

வன்னியில் பிறந்து வளர்ந்த எவருக்கும் புடையனை அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. வயல் வரம்பிலும் வைக்கோற் போரடியிலும் சருகுக் குவியலிலும் சோம்பலாகச் சுருண்டு கிடக்கும் தடித்த பாம்பு. முதுகில் மூன்று வரிசையாக வட்ட வட்ட அடையாளங்கள். கிட்டப் போனால் பிரஷர் குக்கர் போலச் சீறும். பாடப்புத்தகத்தில் அது கண்ணாடி விரியன். ஊரில் முத்திரைப் புடையன், அல்லது வெறும் புடையன். சிங்களத்தில் தித் பொலங்கா. உயர்தரத்தில் உயிரியல் படித்த நாங்கள் அதன் விஞ்ஞானப் பெயரையும் பாடமாக்கினோம்: டபோயா ரசெலி. பெயரை எழுதிப் புள்ளி எடுத்தோமே தவிர, அந்த ரசெலி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நூற்றாண்டு மலருக்கு எதையாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, அந்தக் கேள்விக்கு இப்போதாவது பதில் தேடுவோம் என்று தோன்றியது.

இலத்தீன் பெயரிடும் முறையில் ஒரு மனிதருடைய பெயரின் கடைசியில் அந்த இகரம் வந்து சேர்ந்தால், இன்னாருடைய என்று பொருள். ஆக, இது ரசலுடைய பாம்பு. எந்த ரசல்?

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் முதலில் கைக்கு வருவது பாம்பல்ல, ஒரு பூ. மதிலோரத்திலும் தொட்டிகளிலும் பச்சைக் கயிறுகளைத் தொங்கவிட்டாற்போல வளர்ந்து, சிவப்பாய்ச் சின்னச் சின்னக் குழல்களாகப் பூக்கும் ஒரு அலங்காரச் செடியைப் பலரும் கண்டிருப்பீர்கள். மெக்சிக்கோ நாட்டுச் செடி. தாவரவியலில் அதன் பேரினப் பெயர் ரசெலியா. ஜக்கின் என்ற தாவரவியலாளர் 1760இல் வைத்த பெயர் அது. அலெக்சாண்டர் ரசல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியரைக் கௌரவித்து வைத்தது. அவர் சிரியாவின் அலெப்போ நகரில் வேலை பார்த்தவர்; அந்நகரின் இயற்கை வரலாற்றைப் பற்றி 1756இல் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டவர். பாம்பையும் அவர் தலையில் கட்டிவிடுவது சுலபம். ஆனால் அவர் 1768இல் இறந்துவிட்டார். இந்தியப் பக்கம் வந்ததே இல்லை. பாம்புக்குப் பெயர் வைக்கப்பட்டதோ 1797இல்.

விடை அவருடைய தம்பியிடம் இருக்கிறது. பற்றிக் ரசல். தந்தை ஒருவர், தாய் வேறு. தம்பியும் வைத்தியர், தம்பியும் அலெப்போவில் இருந்தவர், அண்ணனுடைய நூலையே பெருப்பித்து 1794இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டவர். குழப்பம் வராமல் இருந்தால்தான் அதிசயம். அண்ணனுக்குப் பூ கிடைத்தது, தம்பிக்குப் பாம்பு.

பற்றிக் ரசல் எடின்பரோவில் ஒரு சட்டத்தரணியின் மகனாக 1726ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். அந்நகரிலேயே மருத்துவம் படித்து, 1750இல் அண்ணனுக்கு உதவியாக அலெப்போவுக்குப் போனார். அங்கே ஆங்கில வணிகர்களின் லெவாண்ட் கம்பனிக்கு ஒரு குடியிருப்பு இருந்தது. அதன் வைத்தியர் அலெக்சாண்டர். மூன்று ஆண்டுகளில் அண்ணன் ஊர் திரும்ப, தம்பி அந்த இடத்துக்கு வந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஆங்கிலேயருக்கு மட்டுமல்ல, ஊர்க்காரருக்கும் வைத்தியம் பார்த்தார். நகரை ஆண்ட பாஷா அவருக்குத் தலைப்பாகை அணியும் உரிமையைக் கொடுத்தார் என்றால், அந்நியருக்குக் கிடைக்காத மரியாதை அது.

இந்த அலெப்போ வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்துக்காகவே ரசலைப் பெண்கள் பாடசாலை மலர் ஒன்றில் நினைவுகூரலாம் என்பேன். பெரியம்மை பிள்ளைகளைக் கொண்டுபோன காலம். ஒரு துருக்கிய வீட்டின் அந்தப்புரத்துக்கு நோய் பார்க்கப் போன ரசலிடம், அவ்வீட்டுப் பெண் தன் ஒரே பிள்ளைக்கு இன்னும் அம்மை வரவில்லையே என்ற தன் பயத்தைச் சொல்கிறாள். அம்மைப் பாலைக் கீறி ஏற்றும் முறையைப் பற்றி ரசல் சொல்கிறார். ஐரோப்பிய வைத்தியர் புதுமை ஒன்றைச் சொல்கிறார் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, அறையின் ஒரு மூலையில் இருந்த வயதான பெதுயின் பெண் வாய் திறக்கிறாள். இது தங்கள் இனத்தாருக்குத் தெரிந்த பழைய வழக்கம் என்றும், தனக்கே சிறுவயதில் அப்படி ஏற்றினார்கள் என்றும், தானும் பல பிள்ளைகளுக்கு ஏற்றியிருப்பதாகவும் சொல்கிறாள்.

அந்த இடத்தில் சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ரசல் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கிழவியின் பேச்சை நூலாகப் பிடித்துக்கொண்டு, பாலைவனத்திலிருந்து வருவோரையும் வணிகரையும் விசாரித்தார். பல பகுதிகளில் அந்த வழக்கம் இருப்பதும், அதற்கு அம்மை வாங்குவது என்று ஒரு பெயரே இருப்பதும் தெரியவந்தது. பிள்ளை கையில் கொஞ்சம் முந்திரிகை வற்றலோ பேரீச்சம்பழமோ கொண்டுபோய், அம்மை கண்ட பிள்ளைக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அம்மையை வாங்கி வருமாம். விசாரித்ததை ரசல் கட்டுரையாக்கி லண்டன் அரச கழகத்துக்கு அனுப்ப, 1768இல் அது அச்சேறியது. கொன்ஸ்தாந்திநோபிளில் இதே முறையைக் கண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மேரி மொன்டேகு சீமாட்டியின் பெயரைப் பலர் அறிவர். அலெப்போக் கிழவியின் பெயர் அக்கட்டுரையோடு நிலைக்கவில்லை. ஆனால் தகவல் யாரிடமிருந்து வந்தது என்பதை ரசல் மறைக்கவும் இல்லை.

1760 முதல் 1762 வரை அலெப்போவைக் கொள்ளை நோய் தாக்கியது. ஐரோப்பியர் கதவுகளைப் பூட்டி உள்ளே இருந்தார்கள். ரசலும் உள்ளேதான் இருந்தார். ஆனால் தெருவுக்கு மேலே உயர்ந்த சன்னலில் நின்று, கீழே வந்து கூடும் நோயாளரையும் உறவினரையும் விசாரித்து மருந்து சொன்னார். தொற்று எப்படிப் பரவுகிறது என்று ஒருவருக்கும் தெரியாத நாட்களில், தூரம் விட்டு வைத்தியம் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கொவிட் காலத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இது புரியும். நாளாந்தக் குறிப்புகளைச் சேர்த்து, தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்துவது பற்றிய ஆலோசனைகளுடன், 1791இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். அந்தத் துறையில் அவருக்குப் புகழ் தந்தது அதுதான்.

1771இல் அலெப்போவை விட்டுப் புறப்பட்டு, லண்டனில் வைத்தியம் பார்த்து, 1777இல் அரச கழக உறுப்பினராகி, கதை அங்கேயே அடங்கியிருக்க வேண்டும். ஆனால் 1780களின் தொடக்கத்தில் அவருடைய சகோதரர் குளோட் ரசல் கிழக்கிந்தியக் கம்பனியின் நிருவாகப் பொறுப்பேற்று விசாகப்பட்டினத்துக்குப் போக வேண்டி வந்தது. அவருக்குத் துணையாகப் பற்றிக்கும் கப்பலேறினார். அப்போது வயது 55 அளவில். எங்கள் நாட்டில் ஓய்வூதியப் பத்திரங்களைத் தேடத் தொடங்கும் வயது.

சோழமண்டலக் கரையில் அப்போது இயற்கை ஆராய்ச்சிக்குப் பெயர்போனவர் யொஹான் கோனிக். தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, பின்னர் சென்னைக் கம்பனி அரசின் இயற்கையியலாளராக இருந்தவர், லின்னேயஸின் மாணவர். 1785இல் கோனிக் இறந்தார். அவருடைய இடம் ரசலுக்குக் கிடைத்தது. வேலை செடிகளைப் பற்றியது. ரசலின் மனம் போனதோ பாம்புகளிடம்.

காரணம் எளிது. அவர் முதலில் வைத்தியர். கடிபட்டவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மருந்து இருந்தது; ஒவ்வொரு மருந்தும் பலரைக் காப்பாற்றியதாகச் சாட்சி சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கடித்தது எந்தப் பாம்பு என்று கேட்டால் பதில் தெளிவில்லை. விஷமில்லாத பாம்பு கடித்தவருக்கு எதைக் கொடுத்தாலும் பிழைப்பார். மருந்துக்குப் பெயர் வரும். இன்றைய மருத்துவ ஆராய்ச்சி முறை சொல்லும் முதலாவது பாடம் இது. அதை ரசல் தானாகவே கண்டுகொண்டார். மருந்தை ஆராய முன் பாம்பை ஆராய வேண்டும். எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று சாதாரண மனிதர் கண்டறிய வழி வேண்டும். கம்பனி அரசின் உதவியோடு மாவட்டங்களிலிருந்த அதிகாரிகளிடமிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் பாம்புகளையும் கடி பற்றிய விபரங்களையும் வரவழைத்தார்.

வந்த பாம்புகளை வரைவித்தார், வயிற்றுச் செதில்களை எண்ணினார், வாயைத் திறந்து பற்களைப் பார்த்தார். வெளித்தோற்றத்தில் ஒரு பொது அடையாளம் கிடைக்குமா என்பதே தேடல். கிடைக்கவில்லை. செதில் எண்ணிக்கையும் நிறமும் தலையின் வடிவமும் ஒவ்வொரு விதமாக ஏமாற்றின. நம்பக்கூடியது விஷப்பல் ஒன்றுதான். தோல்வி என்றாலும் பெறுமதியான தோல்வி. முக்கோணத் தலை என்றால் விஷம், வழுவழுப்பு என்றால் விஷமில்லை என்று இன்றைக்கும் முகநூலில் சுற்றும் குறிப்புகளுக்கு 1796லேயே பதில் எழுதப்பட்டுவிட்டது.

அப்போது பெரும் மதிப்போடு விற்பனையான தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் பரிசோதித்தார். பாஷாணம் சேர்ந்த மருந்து அது. கம்பனிக்காரர்களும் நம்பி வைத்திருந்தார்கள். நாய்களையும் கோழிகளையும் கடிக்க விட்டு, மாத்திரை கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார். பயனில்லை என்று எழுதினார். அந்தப் பரிசோதனைகளை இன்று எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதிக்காது, வாசிக்கவும் மனம் ஒப்பவில்லை. இருந்தாலும், கையில் மாற்று மருந்து ஏதும் இல்லாத ஒருவர், எல்லோரும் நம்பும் மருந்து வேலை செய்யாது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். உண்மையான எதிர்மருந்து வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன.

1789இல் ரசல் இந்தியாவை விட்டுப் போனார். செடிகளின் பொறுப்பை வில்லியம் ரொக்ஸ்பரோ ஏற்றார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய ரசலின் பெருநூல் 1796இல் லண்டனில் வெளிவந்தது. அதைப் புரட்டும் எவரும் கவனிப்பது ஒன்று உண்டு. பாம்புகளுக்கு ரசல் பெரும்பாலும் புதிய இலத்தீன் பெயர் வைக்கவில்லை. ஊரார் சொன்ன பெயரையே, தன் காதுக்குக் கேட்டபடி, படத்தின் கீழ் எழுதிவிட்டார். அந்நூலில் எங்கள் புடையனின் பெயர் காட்டுக ரேக்குல பொட. காட்டுக என்றால் தெலுங்கில் கண் மை. நாகத்துக்கு அடுத்தபடி அஞ்சவேண்டிய பாம்பு இதுதான் என்று அவர் கணித்தார். மலைப்பாம்பு, அதாவது எங்கள் வெங்கிணாந்தி, அதே நூலில் பெத்த பொட, பெரிய பொட. இரண்டும் ஒரே சொல்லில் முடிவதைக் கண்டு நான் சிரித்தேன். வன்னியில் இன்றும் எத்தனையோ வெங்கிணாந்திக் குட்டிகள் புடையன் என்று அடித்துக் கொல்லப்படுகின்றன.

ரசல் வைக்காத பெயரை மற்றவர்கள் வைத்தார்கள். நூல் வந்த அடுத்த ஆண்டே, பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஷோ, ஓவியர் நொடருடன் சேர்ந்து வெளியிட்டுவந்த தொடரில் அந்தப் பாம்பை ரசலின் பெயரால் விபரித்தார். டபோயா என்ற முன்பாதி 1842இல் ஜோன் எட்வேர்ட் கிரே கொடுத்தது; ஒளிந்திருப்பது என்ற பொருள்கொண்ட இந்திச் சொல்லிலிருந்து வந்தது. காய்ந்த புல்லுக்குள் புடையனை மிதிக்கப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். ரசலுக்கு ஆங்கிலத்தில் எல் எழுத்து இரண்டு. ஷோ எழுதிய பெயரில் ஒன்றுதான். பிழை திருத்துவதாக நினைத்துப் பலர் இரண்டாக்கி எழுதினார்கள். ஷோ எழுதியது இலத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டதே, ஒன்றே சரி என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். பரீட்சையில் இரண்டு போட்டுப் புள்ளி இழந்த தோழியர் இருந்தால் ஆறுதல் அடையலாம். விஞ்ஞானிகளே நெடுங்காலம் அப்படித்தான் எழுதினார்கள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். பாயில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போகும் கட்டுவிரியனின் பேரினப் பெயர் பங்காரஸ். பார்ப்பதற்கு இலத்தீன். உண்மையில் அது தெலுங்கு. தங்கத்துக்குத் தெலுங்கில் பங்காரம்; மஞ்சள் பட்டைகள் கொண்ட ஒரு விரியனை அங்குள்ளவர்கள் பங்காரப் பாம்பு என்றார்கள். ரசல் அப்படியே பதிந்தார், பிரெஞ்சுக்காரர் டோடன் 1803இல் அதிலிருந்து பேரினப் பெயரை எடுத்தார். விசாகப்பட்டினத்தில் பாம்பு பிடித்துக் கொண்டுவந்து பெயர் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் ஒரு பாம்பும் இல்லை. ஆனால் அவர்களின் சொல் ஒன்று உலகெங்கும் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. ரசல் தன் காதைத் தீட்டி வைத்திருந்ததால் வந்த பலன் இது. அலெப்போக் கிழவியின் முன் இருந்த அதே காது.

இதெல்லாம் பழங்கதை என்று விட முடியாதது ஏனென்றால், ரசல் கேட்ட கேள்வி இன்றும் எங்கள் வெளிநோயாளர் பிரிவு வாசலில் நிற்கிறது. தேசிய அளவில் 2012, 2013 காலத்தில் நடந்த வீட்டுக்கு வீட்டு ஆய்வின் மதிப்பீடு, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது. கடிபட்டவர் வந்ததும் நாங்கள் கேட்பது, என்ன பாம்பு? ஒருவர் உரப்பையில் செத்த பாம்பைக் கொண்டுவருவார், இன்னொருவர் கைபேசியில் கலங்கிய படத்தைக் காட்டுவார், பெரும்பாலோர் இருட்டில் காணவில்லை என்பார்கள். இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் வெறும் நிலத்தில் படுத்த காலத்தில், எத்தனையோ பேருக்குக் கடித்தது எதுவென்றே தெரியாது.

பதில் ஏன் முக்கியம்? எங்களிடம் இருக்கும் எதிர்மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிரானது. அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார். தெற்கின் ஈரவலயத் தோட்டங்களில் அதிகம் கடிக்கும் குனகட்டுவா என்ற சிறு விரியனுக்கு அது வேலை செய்யாது. புடையன் குட்டி என்று நினைத்து அந்தக் கடிக்கு ஏற்றினால், நோயாளிக்குப் பயன் இல்லை; மருந்தின் கடும் ஒவ்வாமை மட்டும் மிஞ்சலாம். ஆகவே பாம்பைக் காணாதபோது இரத்தத்தையே கேட்கிறோம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்பது. உறையாமல் தண்ணீர் போல ஓடினால், வன்னியில் முதல் சந்தேகம் புடையன்மேல். அதன் விஷம் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையெல்லாம் எரித்துத் தீர்த்துவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்தக் குழாய்ச் சோதனைக்கு மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

அதே விஷம் மருந்துப் பக்கமும் வந்திருக்கிறது. 1934இல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர், இரத்தம் உறையாத நோயுள்ளவர்களின் கசிவை நிறுத்த இதை ஐதாக்கிப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களுக்குச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளில் ஒன்று இன்றும் ஐதாக்கிய ரசல் விரியன் விஷத்தால் செய்யப்படுகிறது. டொரன்டோவிலோ மெல்பனிலோ லண்டனிலோ இதை வாசிக்கும் ஒரு தோழியின் ஆய்வுகூடத் தாளில் அந்தப் பெயர் அச்சாகியிருந்திருக்கும். பாம்பின் பெயர் ஏன் இங்கே வந்தது என்று அன்று திடுக்கிட்டிருப்பீர்கள்.

லண்டன் திரும்பிய பிறகும் ரசல் சும்மா இருக்கவில்லை. திருமணம் செய்யாதவர். விசாகப்பட்டினத்தில் சேர்த்த 200 மீன்களைப் பற்றிய நூலை 1803இல் தந்தார். அதிலும் தெலுங்குப் பெயர்களே. அந்நூலை வைத்துப் பெயரிடப்பட்ட சில மீன்களும், ஒருவகைச் செப்பலி உட்பட, அவர் பெயரைத் தாங்குகின்றன. 1804இல், சில விஷப்பாம்புகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே உள்ள குழியைப் பற்றி அரச கழகத்தில் எழுதினார். குனகட்டுவாவுக்கும் அந்தக் குழி உண்டு. இரையின் உடல் வெப்பத்தை உணர உதவும் உறுப்பு அது என்று தெரியவந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

பற்றிக் ரசல் 1805 ஜூலை 2ஆம் திகதி லண்டனில் காலமானார். பாம்பு நூலின் இரண்டாம் தொகுதி அப்போது பாதியில் நின்றது. எஞ்சிய இரண்டு பகுதிகளும் 1807இலும் 1809இலும் அச்சாகி வெளிவந்தன.